நட்சத்திரம் எதை எண்ணுகிறது? அமெரிக்க நர்சிங் ஹோம் தரமதிப்பீடும் டிமென்ஷியா பராமரிப்பும்

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருநாள் இரவில் அழைத்தார். அவருடைய அம்மா இருபது வருடமாக அவரோடுதான் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது, டிமென்ஷியா. வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது கடினம், இந்தப் பட்டியலில் ஒரு நர்சிங் ஹோமைத் தேர்ந்தெடுத்து நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள்.

"இதுல ஒண்ணு நாலு ஸ்டார்டா. அப்புறம் என்ன யோசனை?" என்றார்.

நட்சத்திரம் என்றதும் நமக்கு ஓட்டல்தான் ஞாபகம் வரும். நான்கு நட்சத்திரம் என்றால் யாரோ போய்த் தங்கிப் பார்த்து, நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். நர்சிங் ஹோம் நட்சத்திரம் அப்படி வருவதில்லை. அது எப்படி வருகிறது, டிமென்ஷியா உள்ளவர்கள் விஷயத்தில் அது எங்கே வழுக்குகிறது என்பதை அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள்

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் தெருமுனையில் இருக்கும் சின்னத் தனியார் மருத்துவமனை. பிரசவம், குடல்வால் அறுவை, இரண்டு பாட்டில் குளுக்கோஸ். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: குளிக்க, உண்ண, நடக்க அடுத்தவர் உதவி தேவைப்படுபவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாழும் இடம். அப்படி ஏறக்குறைய 15,000 ஹோம்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு டிமென்ஷியா.

டிமென்ஷியா என்பது வயதானால் வரும் சாதாரண மறதி கிடையாது. மூளை செல்கள் படிப்படியாக அழிவதால் நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன், கடைசியில் விழுங்கும் திறன்வரை போய்விடும் நிலைக்குப் பொதுப்பெயர் அது. அல்சைமர் அதன் மிகப் பரவலான வகை.

'மெமரி கேர்' என்று விளம்பரம் செய்யும் இடங்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 'அசிஸ்டட் லிவிங்' என்ற வகை. அவற்றை அந்தந்த மாநிலம்தான் கண்காணிக்கிறது. மத்திய அரசின் நட்சத்திரம் அவற்றுக்குக் கிடையாது. டிமென்ஷியாவுக்கென்றே நடத்தப்படும் இடத்தை இணையத்தில் தேடி நட்சத்திரம் கிடைக்காமல் விழிப்பவர்கள் நிறையப் பேர்.

பள்ளி வாசலில் ஒரு பேனர்

மே மாதம் வந்தால் பள்ளி வாசலில் பேனர் கட்டுவார்கள்: 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி'. பொய் இல்லை. தேர்வு எழுதிய அத்தனை பேரும் தேறியிருப்பார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிய பிள்ளைகளின் அப்பாக்களைக் கூப்பிட்டு, 'டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேருங்கள்' என்று சொன்ன கதை பேனரில் வராது. ஒரு வருடமாக விளையாட்டுப் பீரியட் நடக்கவில்லை என்பதும் வராது.

இந்தப் பேனரில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எண்ணிக்கையில் யாரைச் சேர்க்கிறோம் என்பதை மாற்றினாலே சதவீதம் மாறிவிடும். அளக்கப்படும் பாடத்துக்கு எல்லா உழைப்பும் போய், அளக்கப்படாதது காய்ந்துபோகும். மூன்றாவதையும் சொல்லியாக வேண்டும்: பேனர் கட்டும் வழக்கம் வந்த பிறகு சில பள்ளிகளில் பாடம் உண்மையிலேயே நன்றாக நடக்கத் தொடங்கியது.

நர்சிங் ஹோம் விஷயத்தில் இந்தப் பேனர் வேலையைச் செய்வதற்குப் பெயர் பொதுத் தர அறிக்கை. ஒவ்வொரு ஹோமின் தரத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுவது. இதற்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மக்கள் நல்ல ஹோமைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஒன்று. மானம் போகும் என்ற பயத்தில் மோசமான ஹோம் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது இன்னொன்று.

நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டையும் வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் உதவியையும் நடத்தும் மத்திய அமைப்பின் சுருக்கப் பெயர் சி.எம்.எஸ். நர்சிங் ஹோம்களுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டின் வழியாகத்தான் போகிறது. அதனால் கணக்குக் கேட்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 1998இல் அது 'நர்சிங் ஹோம் கம்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 2002 நவம்பரில் நாடு முழுவதும் ஹோம்வாரியாகத் தர அளவீடுகளை அதில் வெளியிட்டது. யாருக்கும் அந்த அட்டவணை எளிதில் புரியவில்லை. 2008 டிசம்பரில் எல்லாவற்றையும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரத்துக்குள் அடக்கினார்கள். இப்போது அந்தத் தளத்தின் பெயர் 'கேர் கம்பேர்'.

நட்சத்திரத்துக்கு மூன்று ஊற்றுகள்.

முதலாவது சோதனை. மாநில ஆய்வாளர்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை சொல்லாமல் வந்து சில நாள் இருந்து குறைகளை எழுதுவார்கள். புகார் வந்தால் நடுவிலும் வருவார்கள். இதில் நட்சத்திரம் மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தரப்படுகிறது. முதல் 10 சதவீத ஹோம்களுக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று, நடுவில் இருப்பவை சமமாகப் பிரிந்து இரண்டு, மூன்று, நான்கு. ஆக, நியூ ஜெர்சியின் நான்கும் டெக்சாஸின் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ஆள்பலம். வசிப்பவர் ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேர ஊழியர் உழைப்பு கிடைக்கிறது என்ற கணக்கு. முன்பெல்லாம் சோதனைக்கு முந்தைய இரண்டு வார நிலவரத்தை ஹோமே எழுதிக் கொடுத்தது. கல்வி அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்தானே. 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து நேரடியாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்த வருடமே 1,400க்கு அருகில் ஹோம்கள் ஆள்பலத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கின. பதிவுபெற்ற செவிலியர் இல்லாத நாட்கள் அதிகமாக இருந்தன, அல்லது பதிவேட்டையே ஒழுங்காக அனுப்பவில்லை.

மூன்றாவது தர அளவீடுகள். விழுந்து பலத்த காயமடைந்தவர்கள், படுக்கைப்புண் வந்தவர்கள், சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் என்று பல சதவீதங்கள். இவற்றில் பலவும் எம்.டி.எஸ். என்ற படிவத்திலிருந்து வருகின்றன. வசிக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் சேரும்போதும், பின்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் நிரப்பவேண்டிய நீண்ட மதிப்பீட்டுப் படிவம் இது. நிரப்புவது யார்? அந்த ஹோமின் ஊழியர்களேதான்.

கூட்டல் இப்படி நடக்கும். சோதனையில் மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஆள்பலத்தில் ஐந்து இருந்தால் ஒன்று கூடும், ஒன்று இருந்தால் ஒன்று குறையும். தர அளவீட்டிலும் அப்படியே. ஆக, சோதனையில் மூன்றும் ஆள்பலத்தில் சுமாரும் இருக்கும் ஹோம், தர அளவீட்டில் ஐந்து வாங்கினால் வாசலில் நான்கு நட்சத்திரம் மின்னும்.

*இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்:* மூன்று ஊற்றுகளில் ஒன்றை வெளியாள் வந்து பார்த்து எழுதுகிறார், இன்னொன்று சம்பளக் கணக்கிலிருந்து வருகிறது, மூன்றாவதில் பெரும்பகுதி ஹோம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. டிமென்ஷியா பராமரிப்பைப் பற்றி நட்சத்திரத்தில் ஏதாவது ஏறுகிறது என்றால், அதில் கணிசமான பங்கு இந்த மூன்றாவதின் வழியாகத்தான் ஏறுகிறது.

கட்டு போய் மாத்திரை வந்தது

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நர்சிங் ஹோம்களில் வசித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் கட்டப்பட்டிருந்தார்கள். ஆமாம், நாற்காலியோடு பெல்ட் போட்டு, கட்டிலோடு துணிப்பட்டை போட்டு, அல்லது எழ முடியாதபடி முன்னால் தட்டுப் பலகை பூட்டி. விழுந்துவிடுவார், எழுந்து போய்விடுவார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதிகம் கட்டப்பட்டவர்கள் டிமென்ஷியா உள்ளவர்களே. 1987இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டக்கூடாது, மருந்து கொடுத்தும் கட்டக்கூடாது என்றது. மருந்தால் ஒருவரை அடக்கி உட்காரவைப்பதற்கு வேதியியல் கட்டு என்று பெயர்.

2002இல் வெளியான தர அளவீடுகளில், கட்டப்பட்டவர்களின் சதவீதம் இருந்தது. மனநோய் மருந்து கொடுக்கப்பட்டவர்களின் சதவீதம் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கடுமையான அறிவுத்திறன் குறைவு உள்ளவர்களைப் பற்றி டமாரா கொனெட்ஸ்கா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது: பொது அறிக்கை வந்த பிறகு கட்டுவது குறைந்தது, அறிக்கையில் இல்லாத மனநோய் மருந்துப் பயன்பாடு கூடியது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும், அவ்வளவுதான். கட்டு குறைந்தது பெரிய நன்மை, அதை நான் மறுக்கவில்லை. இப்போது அது 2 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் கட்டு அவிழ்ந்த எல்லோரும் எழுந்து நடந்துவிடவில்லை.

மனநோய் மருந்துகள் என்று இங்கே சொல்வது ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்றவற்றை. இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நோய்களுக்காக உருவானவை. டிமென்ஷியா உள்ளவர் கத்தினால், அடிக்க வந்தால், இரவெல்லாம் நடந்தால் இவற்றைக் கொடுத்துத் தூங்கவைப்பது வழக்கமாகிவிட்டது. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த வகையின் புதிய மருந்துகளின் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடச் சொன்னது. டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் நடந்த, பெரும்பாலும் பத்து வாரம் நீண்ட சோதனைகளில், மருந்து பெற்றவர்களில் சுமார் 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். 2008இல் பழைய மருந்துகளுக்கும் அந்த எச்சரிக்கை நீண்டது. 2023 மே மாதத்தில் அல்சைமர் கொந்தளிப்புக்கென்றே பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதன் விவரத்தாளிலும் அதே கறுப்புக் கட்டம் இருக்கிறது.

வகுத்தலில் ஒரு தந்திரம்

2012இல் சி.எம்.எஸ். விழித்துக்கொண்டது. டிமென்ஷியா பராமரிப்பை மேம்படுத்த ஒரு தேசியக் கூட்டுமுயற்சியைத் தொடங்கி, மனநோய் மருந்துச் சதவீதத்தையும் இணையதளத்தில் போட்டது. 2015 பிப்ரவரியில் அதை நட்சத்திரக் கணக்கிலும் சேர்த்தது. எண்கள் இறங்கின. 2011 கடைசியில் நீண்டகாலம் வசிப்பவர்களில், அதாவது 100 நாளுக்கு மேல் தங்கியவர்களில், 23.9 சதவீதம் பேருக்கு இந்த மருந்து கொடுக்கப்பட்டது. சில வருடங்களில் அது 15 சதவீதத்துக்குக் கீழே போனது.

நல்ல செய்திதானே? பாதி நல்ல செய்தி.

மூன்று நோய்கள் உள்ளவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை: ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், ஹண்டிங்டன், டூரெட் என்ற இரண்டு நரம்பு நோய்கள். அவர்களுக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படலாம் என்பதால் அந்த விலக்கு நியாயமானது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹோமில் நூறு பேர், இருபது பேருக்கு மருந்து. 20 சதவீதம். அந்த இருபதில் எட்டுப் பேரின் படிவத்தில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால், எட்டுப் பேரும் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுவார்கள். மிச்சம் 92 பேரில் 12 பேர். 13 சதவீதம். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுத்ததேதான் இது.

கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஸ்கிசோஃப்ரினியா பெரும்பாலும் இளவயதில் வெளிப்படும் நோய். எண்பது வயதில் புதிதாக வருவது அபூர்வம். ஆனால் 2021இல் நியூ யார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வின்படி நர்சிங் ஹோம்களில் ஒன்பதில் ஒருவருக்கு அந்த நோய் என்று எழுதப்பட்டிருந்தது. வெளியே பொதுமக்களில் அது ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கு. அதே வருடம் சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் வேறு பக்கமிருந்து பார்த்தது: 2018இல் இந்த நோய் இருப்பதாகப் படிவத்தில் எழுதப்பட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு, அதற்குச் சிகிச்சை பெற்றதாக மெடிகேர் பில்லில் ஒரு வரிகூட இல்லை. 2022இல் அது வெளியிட்ட இன்னொரு அறிக்கையில் மிச்சமும் வந்தது. 2011 முதல் 2019 வரை நீண்டகாலம் வசித்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநல மருந்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மனநோய் மருந்து என்ற ஒரு வகை குறைந்தபோது வலிப்பு மருந்துகளின் பயன்பாடு கூடியது.

2023 ஜனவரியில் சி.எம்.எஸ். இந்தக் கட்டத்தைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. பொய்யாக டிக் அடித்தது தெரிந்தால் தர அளவீட்டு நட்சத்திரம் ஆறு மாதத்துக்கு ஒன்றாக இறங்கும். என் கணிப்பில் இது பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது.

*சுருக்கமாக:* எதை அளந்தார்களோ அது குறைந்தது. அந்தக் குறைவில் ஒரு பங்கு உண்மையான மாற்றம், ஒரு பங்கு வேறு மருந்துக்கு மாறியது, ஒரு பங்கு பேனாவில் நடந்தது. எந்த ஹோமில் எந்தப் பங்கு என்று நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டிமென்ஷியாவில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்

ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் நாம் சண்டை போடுவோம், அடுத்த முறை போகமாட்டோம். பள்ளியில் அடி வாங்கிய பிள்ளை வீட்டில் வந்து சொல்லும். டிமென்ஷியா முற்றியவரால் இரண்டும் முடியாது. காலையில் யாராவது கடுமையாக நடத்தியிருந்தால் மாலையில் அவருக்கு அது நினைவில்லை, பயம் மட்டும் மிச்சமிருக்கும். அதனால் படிவம் எழுதுபவரின் கைதான் அவருடைய வாய்.

அந்தக் கையும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. விழுந்து பலத்த காயம் என்பது மறைக்கமுடியாத விஷயம் என்று நினைப்போம். மருத்துவமனை பில்களோடு படிவங்களை ஒப்பிட்ட சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்படி விழுந்த சம்பவங்களில் சுமார் 57.5 சதவீதம்தான் எம்.டி.எஸ். படிவத்தில் ஏறியிருந்ததைக் கண்டார்கள். வெளியில் தெரியும் எலும்பு முறிவுக்கே இந்த நிலை.

இன்னொன்று, டிமென்ஷியாவில் நல்ல பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஒன்று நடக்காமல் இருப்பது. ஒரு பாட்டி குளிக்கும் அறையில் கத்துகிறார். மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, தண்ணீர் சில்லென்றிருக்கிறதா, அந்நிய ஆள் சேலையை உருவுகிறார் என்ற பயமா என்று யோசித்து, குளியலை மதியத்துக்கு மாற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டே துடைத்துவிட்டால் கத்தல் நின்றுவிடும். இந்த அருமையான வேலைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மாத்திரை கொடுக்கவில்லை என்ற வெறுமையாக மட்டும் அது பதிவாகும்.

மொழியையும் சொல்ல வேண்டும். டிமென்ஷியாவில் பின்னால் கற்ற மொழி முதலில் மறந்துபோவதுண்டு. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கூட கடைசியில் தமிழில் மட்டும் பேசலாம். "தண்ணி, தண்ணி" என்று அவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது, தமிழ் தெரியாத ஊழியர் காதில் அர்த்தமில்லாத கூச்சலாக விழும். 'கொந்தளிப்பு' என்று குறிப்பேட்டில் எழுதப்படும். அங்கிருந்து மாத்திரைக்கு ஒரு படிதான்.

கடைசியாக, தேர்ந்தெடுப்பவரின் நிலை. மக்கள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் தொடங்கியது. நடைமுறையில் மருத்துவமனைப் படுக்கை காலியாக வேண்டும், ஒரு நாள்தான் அவகாசம், காலியிடம் இரண்டு ஹோமில்தான், அதில் ஒன்று மெடிகெய்ட் நோயாளிகளை எடுக்கத் தயங்குகிறது. வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதியில் நல்ல ஹோமே அருகில் இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியானால் பார்க்கவே வேண்டாமா?

பார்க்க வேண்டும். ஒரு நட்சத்திர ஹோமுக்கும் ஐந்து நட்சத்திர ஹோமுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் கை சின்னம் இருந்தால், அங்கே வசிப்பவர்கள் துன்புறுத்தப்பட்டதாகச் சோதனையில் குறை பதிவாகியிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் வீண்.

நண்பரிடம் நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் கீழே போகச் சொன்னேன். ஆள்பலப் பகுதியில் வார இறுதி ஊழியர் நேரம் தனியாக இருக்கும், ஒரு வருடத்தில் எத்தனை சதவீத ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் இருக்கும். இரண்டும் சம்பளப் பதிவேட்டிலிருந்து வரும் எண்கள். டிமென்ஷியா உள்ளவருக்குத் தெரிந்த முகம்தான் பாதி மருந்து, வாரம் ஒரு புது ஆள் வந்தால் வாரம் ஒரு பயம். அப்புறம் சோதனை அறிக்கையின் முழு வாசகத்தைத் திறக்க வேண்டும். நட்சத்திரத்தில் எண்ணாகச் சுருங்கியது அங்கே கதையாக இருக்கும். சமையலறைக் குளிர்பெட்டியின் வெப்பநிலை சரியில்லை என்பதும், அழைப்பு மணி அடித்து முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை என்பதும் ஒன்றா? மனநோய் மருந்துச் சதவீதத்தையும் பார்க்கலாம், ஆனால் நேரில் போகும்போது இன்னொரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: இங்கே எத்தனை பேருக்கு ஸ்கிசோஃப்ரினியா? பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே பாதி புரியும்.

நண்பர் மருத்துவமனையில் கெஞ்சி இரண்டு நாள் கூடுதலாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு, பட்டியலில் காலியிடம் இருந்த இரண்டு ஹோமுக்கும் போனார். வெளிச்சம் குறையும் நேரத்தில் டிமென்ஷியா உள்ள பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், சன்டவுனிங் என்பார்கள். ஊழியர் குறைவான நாளும், வேலை அதிகமான நேரமும் சேரும் பொழுது அது. நான்கு நட்சத்திர ஹோம் அமைதியாக இருந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன, எல்லோரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நட்சத்திர ஹோமில் ஒரே சத்தம். ஒரு கிழவி தாழ்வாரத்தில் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார், ஒரு ஊழியப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

அம்மா இப்போது அந்த மூன்று நட்சத்திர ஹோமில் இருக்கிறார். கட்டிலுக்கு மேலே தண்ணி, வலி, பாத்ரூம், பசி என்று இருபது தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார் நண்பர். போன மாதம் அந்த ஹோமின் நட்சத்திரம் இரண்டாக இறங்கிவிட்டது என்று பதறி அழைத்தார். புதிய சோதனை அறிக்கை முப்பது பக்கம். இருவரும் பாதி படித்திருக்கிறோம்.